விலகி நிற்றல் பற்றி

'விலகல்' என்ற சொல் நம் விமர்சனத்தில் எப்போதும் பாராட்டாகவே புழங்கி வந்திருக்கிறது. 'அனுபவத்திலிருந்து விலகி நின்று எழுதியிருக்கிறார்' என்று யாராவது எழுதிவிட்டால் கவிஞர் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார். எதிலிருந்து விலகினார், விலகுவதற்கு முன்னால் எவ்வளவு நெருங்கியிருந்தார் என்று கேட்பாரில்லை. எலியட் 1919-ல் எழுதிய கட்டுரையில் கவியின் மனசைப் பிளாட்டினத் துண்டோடு ஒப்பிட்டார். இரண்டு வாயுக்கள் கூடும்போது பக்கத்தில் இருந்து, காரியம் முடிந்தபின் தான் மட்டும் மாறாமல் இருக்கிற துண்டு. பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கெல்லாம் இது பாடம். இன்றைக்கு அந்த உவமையில் எனக்கு ஒட்டாமல் நிற்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். பிளாட்டினத்துக்கு வலிக்காது.

இதே சொல்லை மருத்துவக் கல்வியும் வைத்திருக்கிறது. 1963-ல் ஹரால்ட் லீஃப் என்ற மனநல மருத்துவரும் ரெனே ஃபாக்ஸ் என்ற சமூகவியலாளரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று, மாணவனை 'விலகிய அக்கறை'க்குப் பழக்குவதுதான் மருத்துவப் பயிற்சி என்று சொல்லிற்று. நோயாளியைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டும், கவலையில் கை நடுங்கவும் கூடாது. இந்தப் பழக்கம் தொடங்குகிற இடங்களில் ஒன்று பிணத்தை அறுக்கிற கூடம். பதினேழு பதினெட்டு வயசில், அதுவரை புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொட்டறியாத பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நம் கவிஞர்களுக்குப் பிணம் பெரும்பாலும் ஒரு படிமம். சென்ற சில இதழ்களைப் புரட்டினால் நகரம் பிணம், மொழி பிணம், காதலும் பிணம். நிஜமான ஒன்றின் எதிரில் ஒரு வருஷம் நிற்கவேண்டியிருந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று அறிய எனக்கு இலக்கியக் காரணங்களும் உண்டு, வேறு காரணமும் உண்டு. வேறு காரணம் என் தங்கை.

அதற்கு முன் கீட்ஸ். (அவனை 'அவன்' என்றுதான் சொல்ல வருகிறது, இருபத்தைந்து வயசில் செத்தவனை வேறெப்படிச் சொல்ல.) 1815 அக்டோபரில் லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் மாணவனாகச் சேர்ந்தான். அடுத்த வருஷமே காயங்களுக்குக் கட்டுப் போடுகிற உதவியாளன். 1816 ஜூலையில் பரீட்சை தேறி மருந்து கொடுக்க உரிமமும் பெற்றான். அவனுடைய உடற்கூறு நோட்டுப் புத்தகம் இன்றும் இருக்கிறது. எலும்பும் நரம்புமாகக் குறிப்புகள். ஓரத்தில் பூக்கள் வரைந்திருக்கிறான். ரொமாண்டிக் விமர்சகர்கள் இந்தப் பூக்களைப் பார்த்து உருகிவிடுவார்கள்: பிணத்துக்கு நடுவிலும் கவி மனம் மலர்ந்தது பாருங்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பக்கத்துக் கௌண்டர்க்காரர் சலான் பின்புறம் பூ வரைகிறவர். சலிப்பில்தான் வரைகிறார். கீட்ஸே ஒரு நண்பரிடம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு: வகுப்பில் ஒரு கதிர் வெளிச்சம் உள்ளே விழுந்தது, அதோடு தேவதைக் கூட்டம் ஒன்று வந்தது, அவர்களோடு போய்விட்டேன் என்று.

நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது வேறொரு செய்தியை. அவன் கடைசியாகச் செய்த சிகிச்சை ஒருவருடைய நெற்றிப்பொட்டு நாளத்தைத் திறந்தது. அதைப் பிசகில்லாமல் செய்தான். செய்துகொண்டிருந்தபோது தன் மனசில் ஓடியதை எல்லாம் பிறகு எண்ணிப் பார்த்தபோது, கை தவறாமல் போனதே அதிசயம் என்று பட்டதாம். அதன் பிறகு கத்தியைத் தொடவில்லை. கவனிக்கவேண்டியது, அவனுக்கு அருவருப்பு இல்லை, பயம் இல்லை, மயக்கம் போட்டு விழவில்லை. கை ஒழுங்காகத்தான் இருந்தது. கை தன்னை விட்டுத் தனியாக இயங்கியதைக் கண்டுதான் மிரண்டான். அதாவது விலகல் அவனுக்குக் கைகூடிவிட்டது. அதுதான் பிரச்னை.

படித்ததும் வீணாகவில்லை. 1820 பிப்ரவரியில் ஒரு ராத்திரி இருமித் துப்பிய ரத்தத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்து, இது தமனி ரத்தம், இந்த நிறம் எனக்குத் தெரியும், இது என் சாவுச் சீட்டு என்று சொன்னவன் அவன். ஒரு வருஷம் கழித்து ரோமில் செத்தான். மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

தங்கை எனக்குப் பத்து வயசுக்கு மேல் இளையவள். 2019 ஆகஸ்டில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரத்தில் போனில் பேசியபோது அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "பசிக்குதுண்ணே." ஃபார்மலின் வாடை கண்ணை எரிக்கிறது, மூக்கில் நீர் வடிகிறது, ஆனால் கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் அகோரப் பசி. அவளுக்கு மட்டுமில்லை, மெஸ்ஸில் எல்லோரும் இரண்டு பங்கு சாப்பிட்டார்களாம். அழுகையைச் சொல்லியிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன், பயத்தைச் சொல்லியிருந்தால் தைரியம் சொல்லியிருப்பேன். பசியைப் பற்றி என்ன சொல்ல? அவளுக்கு அது வெட்கமாக இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. ஆட்டுக்கறியை மட்டும் சில மாசம் நிறுத்தியிருந்தாள். நார்நாராகப் பிரிகிற விதம் ஒன்றாக இருக்கிறது என்றாள். பிறகு தீபாவளிக்கு வந்தபோது சாப்பிட்டாள். அம்மா கவனித்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மேஜைக்குப் பத்துப் பதினைந்து பேர். கன்னிங்ஹாமின் கையேட்டில் உள்ள வரிசைப்படி மார்பிலும் அக்குளிலும் தொடங்கிக் கைக்குப் போவார்கள். முதல் கீறல் யார் போடுவது என்று ஒரு மௌனம் வருமாம். அவள் மேஜையில் கத்தியை எடுத்தவன் கூட்டத்திலேயே சங்கோஜி, யாரோடும் பேசாதவன். மயக்கம் போட்டு விழுந்தவன் கபடி ஆடுகிற பையன். ஒருத்தி பிணத்துக்குப் பேர் வைக்கலாம் என்றாள். இன்னொருத்தி அதை ஆத்திரமாக மறுத்தாள். ஒருவன் விடாமல் ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒருத்தி கடைசி வரை கையுறையைப் போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று புத்தகத்தை வாசித்துச் சொல்லுகிற வேலையை ஏற்றுக்கொண்டாள். யாரும் அவளிடம் கத்தியைத் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. அதை ஒரு ஏற்பாடாகவே எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரி வேறுபாடுகளை இப்போது அளக்கிறார்கள். மனோதத்துவக்காரர்களிடம் ஐந்து குணங்களாக மனுஷனைப் பங்கு பிரிக்கிற வினாத்தாள் ஒன்று உண்டு. எளிதில் கலங்குகிறவனா, கூட்டத்தை விரும்புகிறவனா, இணங்கிப் போகிறவனா, ஒழுங்கானவனா, புதுசுக்கு மனம் திறந்தவனா. முதல் நாள் அறுவைக்கு முன்னும் பின்னும் இதைக் கொடுத்து, யார் கலங்கினார்கள் என்று பொருத்திப் பார்க்கிறார்கள். இதைக் கேலி செய்வது எழுத்தாளர்களுக்குச் சுலபம், எனக்கு அதில் விருப்பமில்லை. கலங்குகிற பிள்ளைகளை முன்கூட்டியே அறிந்து கூட நின்றால் நல்லதுதான். என் சந்தேகம் வேறு. கலங்குகிற சுபாவம் உள்ளவன் கலங்கினான் என்று தெரிந்துகொள்வதால் பிணத்தைப் பற்றி நாம் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. மயங்கி விழுந்த கபடிப் பையன் இப்போது எலும்பு முறிவு மேற்படிப்புக்கு முயல்கிறான். முதலில் கத்தி எடுத்த சங்கோஜி கத்தியே வேண்டாத குழந்தை மருத்துவத்துக்குப் போக நினைக்கிறான். இதிலிருந்து எந்த விதியும் எனக்குக் கிடைக்கவில்லை.

சுபாவத்தையும் பிணத்தையும் சேர்த்து யோசித்தவர்கள் இந்த வினாத்தாள்காரர்கள்தான் முதல் என்றும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் அநுராதபுரத்தில் உட்கார்ந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் ஆறு வகைச் சுபாவங்களைச் சொல்லி, பிணத்தைப் பார்க்கும் தியானம் ஆசை மிகுந்த சுபாவத்துக்கு ஏற்றது என்கிறார். அதோடு விடவில்லை. பிணத்தின் பத்து நிலைகளையும் ஆசையின் உட்பிரிவுகளோடு ஜோடி சேர்க்கிறார்: உருவ அழகில் மோகம் கொண்டவன் ஊதிப்போனதைப் பார்க்கவேண்டும், தோல் நிறத்தில் மோகம் உள்ளவன் நீலம் பாரித்ததை, வாசனையில் மயங்குகிறவன் சீழ் வடிவதை, என் உடம்பு என்ற சொந்தம் கொண்டாடுகிறவன் புழு நெளிவதை. மருந்துக் கடைக்காரன் அலமாரி மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த அலமாரிக்காரருக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. பிக்கு புறப்படும் முன் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்க்கவேண்டும். பிணத்துக்கு அருகில் உள்ள கல், புற்று, மரம், செடி, கொடி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளவேண்டும். பிணம் எழுந்து துரத்துகிறதாகத் தோன்றினால், அந்தக் கல்லும் கொடியும் எழுந்து வந்தால் அல்லவா இதுவும் வரும் என்று மனசுக்குச் சொல்லவேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது கல்லும் புற்றும்தான். பிணத்தை எதிர்கொள்ளப் பிணத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவை என்கிறார். என் தங்கை செய்ததும் அதுதான் என்று தோன்றுகிறது. அவள் கூடத்தைப் பற்றிச் சொன்னதிலெல்லாம் ஜன்னல் இருந்தது, சுழலாத மின்விசிறி ஒன்று இருந்தது, எஃகு வாளி இருந்தது.

மணிமேகலையில் சார்ங்கலன் என்று ஒரு பையன் வருகிறான். சுடுகாட்டுக் கோட்டத்துக்குள் தெரியாமல் போய், இறந்தவள் ஒருத்தியின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு பேய் ஆடுவதைப் பார்த்து, வீட்டுக்கு ஓடி, தாயிடம் அதைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். கதை சாத்தனாருக்கு வேறு காரியத்துக்காக வேண்டியிருந்தது. தாய் கோதமை உயிரை மீட்டுக் கேட்கிறாள், சம்பாபதி முடியாது என்கிறாள், அப்படி. ஆனால் அந்தப் பையன் செத்துப்போனது எனக்கு மறக்கவில்லை. அவனுக்கு யாரும் கல்லையும் புற்றையும் காட்டி அனுப்பவில்லை. தமிழில் விலகவே தெரியாதவன் ஒருவன் உண்டென்றால் அவன்தான். நம் சித்தர்கள் உடம்பைத் திட்டுகிற திட்டு வேறு ஜாதி. ஊத்தை என்றும் குழி என்றும் கத்துகிறவர்களின் குரலில் நான் அருவருப்பைக் கேட்பதில்லை, விட முடியாத ஒட்டுதலைத்தான் கேட்கிறேன். பட்டினத்தார் தாயின் சிதையடியில் அழுதார் என்ற கதையை அந்தத் திட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.

ஜோக்குக்கு வருகிறேன். ஃபிரெடரிக் ஹாஃபர்ட்டி என்ற சமூகவியலாளர் அமெரிக்க மாணவர்களிடையே புழங்கும் பிணக் கதைகளைச் சேகரித்து 1988-ல் கட்டுரையாகவும், பிறகு 1991-ல் ஒரு புத்தகத்தின் பகுதியாகவும் எழுதினார். அறுத்த கையை ஓவர்கோட்டுக்குள் வைத்துக் காசோடு நீட்டிச் சுங்கச்சாவடிக்காரன் கையில் விட்டுவிட்டு வண்டியை ஓட்டியவன் கதை மாதிரி. எப்போதும் இது வேறொரு கல்லூரியில், முந்தைய ஒரு வருஷத்தில் நடந்திருக்கும். பார்த்தவன் கிடைக்கமாட்டான். அந்தக் கதைகள் சிலவற்றில் கடைசியில் மாட்டிக்கொள்வது மாணவனே. போர்வையை விலக்கினால் தெரிந்த முகம், சொந்தக்காரர் முகம். தங்கையின் கல்லூரியிலும் இரண்டு வகையும் உண்டாம். சீனியர்கள் ராகிங்போலச் சொல்லுவது. முதல் வகைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் தாழும்.

ஜோக் அடித்த பையனை நான் ஒரு தடவை பார்த்தேன், அவர்கள் நாலைந்து பேர் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தபோது. வீட்டில் அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அப்பாவின் சர்க்கரை மாத்திரைகளை எடுத்துப் பார்த்து, எப்போது போடுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த மேஜைமேல் இருந்தவள் ஒரு கிழவி. அவளைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், இன்னும் ஒன்றைத் தவிர. இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தது. கோலம் இல்லை, பெயர். தமிழில் ஒரு பெயர், எழுத்துக்கள் பரவி மங்கிப்போய். அவளுடைய பெயரா, புருஷன் பெயரா, செத்துப்போன பிள்ளையின் பெயரா தெரியாது. கை அறுவை வந்த வாரத்தில் தோலை விலக்கவேண்டியிருந்தது. பாடத்தில் தோலை விலக்குவதற்கு முறையும் வரிசையும் உண்டு, பெயருக்கு உண்டா? மேஜையில் வாதம் நடந்ததாம், அந்தத் துண்டை மட்டும் விட்டுச் சுற்றி அறுக்கலாம் என்று ஒருவன் சொன்னான். விட்டால் அடியில் உள்ள நரம்பு தெரியாது. கடைசியில் தோலைப் புத்தகத்தின் பக்கம் மாதிரி ஒரு பக்கமாக மடித்து வைத்தார்கள். வகுப்பு முடிகிற ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அதைத் திருப்பி மூடிவிட்டுப் போனார்கள். யார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கை இதை என்னிடம் சொல்ல ஆறு மாசமாயிற்று. பெயர் என்ன என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள்.

கோட்ஃப்ரீட் பென்னின் கவிதைகளை நண்பர்கள் சிலர் இங்கே மிகவும் கொண்டாடுகிறார்கள். பெர்லினில் மருத்துவம் படித்தவர். 1912-ல் 'சவக்கிடங்கு' என்று அவர் போட்ட சின்னப் பிரசுரம் ஜெர்மன் வாசகர்களைத் தூக்கிவாரிப் போட்டது. மோஆபிட் ஆஸ்பத்திரியில் பிண அறுவை வகுப்பு முடிந்த ஒரு சாயங்காலம், ஒரே மணி நேரத்தில் அந்தக் கவிதைகள் எழும்பி வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒன்றில், தண்ணீரில் மூழ்கிச் செத்த பீர் வண்டிக்காரனின் பல்லிடுக்கில் யாரோ ஒரு ஆஸ்டர் பூவைச் செருகி வைத்திருக்கிறார்கள். அறுக்கும்போது அது நழுவுகிறது. அறுக்கிறவர் அதை மார்புக்கூட்டுக்குள் வைத்துத் தைத்துவிட்டுப் பூவைத்தான் வாழ்த்துகிறார், வண்டிக்காரனை அல்ல. அபாரமான கவிதை, சந்தேகமில்லை. அதன் குளிர் நிஜமான குளிர். இதே பென் 1933-ல் வானொலியில் புதிய நாஜி அரசை ஆதரித்துப் பேசினார். வெகு சீக்கிரம் கசந்து விலகினார். 1938-ல் எழுதவே தடை விதித்தார்கள். பிணத்தைக் குளிர்ந்து பார்த்தவர் அரசையும் குளிர்ந்து பார்த்திருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கவிதையிலிருந்து வானொலிப் பேச்சுக்கு நேர்கோடு போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விலகல் ஒருவனைக் காப்பாற்றும் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் தீர்க்கவேண்டும். வண்டிக்காரன் பெயர் என்ன என்று அந்தக் கவிதை கேட்கவில்லை. பச்சை குத்திய தோலை மூடிவிட்டுப் போன பிள்ளைகள் கவிதை எழுதவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் என்ற கேள்வியை உளவியல் வினாத்தாள்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. கீட்ஸ் படித்த காலத்தில் பிணங்களைக் கல்லறையிலிருந்து திருடி விற்கிறவர்கள் இருந்தார்கள். அவனுக்குப் பாடம் எடுத்த ஆஸ்ட்லி கூப்பர் அவர்களுடைய பெரிய வாடிக்கைக்காரர். தான் அறுக்க விரும்பினால் எப்பேர்ப்பட்டவருடைய உடலையும் பெற்றுவிட முடியும் என்று 1828-ல் பாராளுமன்றக் குழுவிடமே சொன்னார். அதே வருஷம் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டுகிற சிரமத்தையும் விட்டுவிட்டு, பதினாறு பேரைக் கொன்று ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு விற்றிருந்தது வெளியாயிற்று. செத்தவர்களில் ஊரறிந்த ஒரு ஏழைப் பையனின் முகத்தை மாணவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள், நாக்ஸ் இல்லையென்று சாதித்தார் என்று அந்த வழக்கின் வரலாறுகள் சொல்கின்றன. 1829-ல் பர்க்கைத் தூக்கில் போட்டு, அவனையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோவில் இருக்கிறது. 1832-ல் சட்டம் வந்தது. வந்து என்ன செய்தது? அனாதை விடுதிகளில் செத்து யாரும் கேட்டு வராதவர்களின் உடலை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. திருட்டு நின்றது, ஏழை மேஜைக்கு வருவது நிற்கவில்லை.

நம் நாட்டில் 1836-ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா முதல் தடவை அறுத்தபோது கோட்டையில் பீரங்கி முழங்கிற்று என்பார்கள். அவர் வைத்திய குலத்தவர், சுஸ்ருத சம்ஹிதையைப் பதிப்பித்தவர். ஓடுகிற நீரில் ஏழு நாள் உடலைப் போட்டுவைத்து, மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து, தோலிலிருந்து ஒவ்வொரு அடுக்காகக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற பகுதியை அவர் படித்திருந்தார். சுற்றியிருந்தவர்கள் அதை எப்போதோ மறந்திருந்தார்கள். பீரங்கியைப் பற்றி எழுதினவர்கள் அன்றைக்கு மேஜைமேல் கிடந்தது யார் என்று எழுதவில்லை. சென்னை ராஜதானிக்கு 1951-ல் தனிச் சட்டம் வந்தது. அதன் மையமும் இதே சொல்தான்: உரிமை கோரப்படாத உடல்.

இந்தச் சொல்லை நான் வேறிடத்தில் தினமும் பார்க்கிறேன். வங்கியில் பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கு உரிமை கோரப்படாத கணக்கு. 2014-லிருந்து அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போகிறது. எப்போது வேண்டுமானாலும் வாரிசு வந்து கேட்டு வாங்கலாம், தேடிப் பார்க்க 2023-ல் இணையதளமும் வைத்துவிட்டார்கள். நானூற்றிருபது ரூபாய்க்கு இத்தனை பொறுமை. உடலுக்குச் சட்டம் தரும் அவகாசம் வெகு குறைச்சல். இறந்தவர் கணக்குகளை முடிக்கிற மேஜையில் நான் மூன்று வருஷம் இருந்தேன். இறப்புச் சான்றிதழின் அசலைப் பார்த்து நகலில் முத்திரை, நாமினி கையெழுத்து, இரண்டு சாட்சி. முதல் மாசம் எதிரில் உட்காரும் பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். பிறகு சான்றிதழில் பெயரின் எழுத்துக்கள் பாஸ்புக்கோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தேன். 'பெருமாள்' என்பதும் 'பெருமாள்சாமி' என்பதும் ஒரே ஆள்தான் என்று நீதிபதியிடம் எழுதி வாங்கி வாருங்கள் என்று சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கனிவாகத்தான் இருந்தது. விலகிய கனிவு.

கூடத்தில் வேலை செய்கிற அட்டெண்டரைப் பற்றித் தங்கை சொன்னதை இங்கே சேர்க்கவேண்டும். தொட்டியிலிருந்து உடல்களை எடுத்து மேஜையில் கிடத்துவதும், வருஷ முடிவில் மிஞ்சியதைச் சேர்த்துக் கொண்டுபோவதும் அவர்தான். இருபது வருஷமாக. ஆயுதபூஜையன்று தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, பிள்ளைகளுக்குப் பொரி கொடுத்தாராம். அவர் எளிதில் கலங்குகிறவரா, புதுசுக்கு மனம் திறந்தவரா என்று யாரும் தாள் கொடுத்துக் கேட்டதில்லை.

இப்போது மரியாதை பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. 2019-ல் அமலான புதிய திட்டத்தில், அதாவது தங்கை சேர்ந்த வருஷமே, பிணம்தான் நம் முதல் ஆசிரியர் என்று ஒரு தனிப் பாடம். பிள்ளைகள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். தைவானில் ஹுவாலியன் நகரத்தில் பௌத்த அமைப்பான ட்ஸூ சியின் மருத்துவக் கல்லூரி இன்னும் வெகுதூரம் போயிருக்கிறது. உடலைக் கொடுத்தவரின் வீட்டுக்கு மாணவர்கள் முன்கூட்டியே போகிறார்கள். அவர் என்ன வேலை பார்த்தார், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டு எழுதுகிறார்கள். முடிந்தபின் தைத்து, உடுத்தி, சவப்பெட்டியைத் தாங்களே தூக்கிப் போகிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ்டீன் மான்ட்ராஸ் என்ற கவிஞர் மருத்துவம் படிக்கப் போய், தன் மேஜைப் பிணத்துக்குத் தொப்புள் இல்லாததைப் பார்த்து ஏவாள் என்று பெயரிட்டதையும், அந்த வருஷத்தின் கனவுகளையும் 2007-ல் ஒரு புத்தகமாக எழுதியிருக்கிறார். நல்ல புத்தகம், கொஞ்சம் அதிகமாக நெகிழ்கிறது. உறுதிமொழியைப் பற்றித் தங்கையிடம் கேட்டேன். நல்லாத்தான் இருந்தது என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆசிரியர்னா விருப்பப்பட்டு வந்திருக்கணும்லண்ணே" என்றாள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விடுதிகளைக் காலி செய்யச் சொன்னபோது அவர்கள் தலைக்கும் முகத்துக்கும் வந்திருக்கவில்லை. அவ்வளவு நாளும் முகத்தின்மேல் துணி இருந்ததாம். துணியை எடுக்காமலே அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகத்தைப் படத்திலும் கணினியிலும் படித்துப் பரீட்சை எழுதினாள்.

அந்த மாசங்களில் நான் மட்டும்தான் வெளியே போய் வந்தேன். வங்கி திறந்திருந்தது. கொல்லைப்பக்கம் வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்து துரத்திய செய்தியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாதான் பேச்சை எடுத்தார். முப்பது வருஷம் தமிழாசிரியர். கோயிலுக்கும் போவார், கருமாதிச் சடங்கில் நம்பிக்கையில்லை என்றும் சொல்வார். "என் உடம்பை உங்க காலேஜுக்கு எழுதி வெச்சிடறேன்மா. பாரம் வாங்கிட்டு வா" என்று தங்கையிடம் சொன்னார். அம்மா சமையல் கட்டிலிருந்து, "கொள்ளி வைக்க ஒரு புள்ளையப் பெத்து வளத்தது எதுக்கு?" என்றாள். அந்த எதிர்ப்பு அப்பா எதிர்பார்த்ததுதான். தங்கை சொன்னதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

"யார் வேணாலும் குடுக்கலாம்ப்பா. நீங்க வேணாம்."

ஏன் என்றார். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். பெண் டாக்டருக்குப் படித்தும் மூடநம்பிக்கை போகவில்லையே என்று அப்பா இரண்டு நாள் வருத்தப்பட்டார். அது மூடநம்பிக்கையில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். செத்தவர்களுக்குப் பக்கத்தில் நிற்க முடியும், அது கஷ்டமில்லை. அப்பாவின் கையைப் பார்க்கும்போதெல்லாம் தோலுக்குக் கீழே எது எந்தப் பக்கம் போகிறது என்று இப்போதே தெரிகிறது, அவர் உயிரோடு காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே. அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை என்றாள். யாரோ பதினைந்து பேருக்கும் அது அப்படித் தெரிவதைத் தன்னால் பொறுக்க முடியாது. "அந்தப் பாட்டிக்கு மட்டும் பொறுத்துக்கிட்டேன் பாருண்ணே" என்றாள். நான் வற்றலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2024-ல் அவளே பாரம் கொண்டுவந்தாள். என்ன மாறிற்று என்று நான் கேட்கவில்லை. அவள் அப்போது பயிற்சி மருத்துவராக ராத்திரிப் பணி பார்த்துக்கொண்டிருந்தாள், பேசவே நேரமில்லாமல். பாரத்தில் ஒரே நிபந்தனை, தன் கல்லூரி பெயர் இருக்கவில்லை. வேறு மாவட்டத்துக் கல்லூரி. சாட்சிகளாகக் குடும்பத்தினர் இருவர் கையெழுத்து வேண்டும். அம்மா மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். மிஞ்சியது நாங்கள் இருவர். அவள் முதலில் போட்டாள், தேதியும் எழுதினாள். பேனாவை என்னிடம் தரும்போது அப்பா தடுத்து, "இருப்பா, நான் போட்டப்புறம்தானே சாட்சி?" என்றார். முறைப்படி அதுதான் சரி. மேஜையை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நாளாகவே அவருக்குக் கை நடுக்கம் உண்டு. பழைய பேப்பர் ஒன்றில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு பாரத்தில் போட்டார். முதலெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது, கடைசி எழுத்து முடியவேயில்லை. வங்கிக்கு வந்திருந்தால் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். "இது செல்லுமா?" என்று என்னைக் கேட்டார். செல்லும்ப்பா என்று சொல்லிவிட்டு அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன்.